முப்பதாவது திரை

பீளமேடு,
19.6.1994

அன்புள்ள அண்ணனுக்குத் துளசிமணி எழுதுவது.

நானும் சின்னம்மாவும் இங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வீக்கம் வற்றியதா? அண்ணிக்கு வாந்தி நின்று சோறு இறங்குகிறதா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பயப்படாதீர்கள், பனியன் கம்பெனி இல்லை. சின்னம்மா சமைக்கிற காலேஜ் விடுதிக்குப் பக்கத்துக் கட்டடம்தான். கம்ப்யூட்டர் ரூமைப் பெருக்கித் துடைக்க ஆள் கேட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே மார்கழிக் குளிர். அத்தனையும் மிஷினுக்காகவாம், மனிதர்களுக்கு இல்லையாம்.

மூன்றாம் நாள் மேஜை துடைத்துக்கொண்டிருந்தபோது நரசிம்மலு சார் என்னைக் கூப்பிட்டார். ஆராய்ச்சிக்கெல்லாம் அவர்தான் தலைமை. "அம்மணி, எத்தனாவது வரைக்கும் படிச்சே?" என்றார். எட்டாவதுங்க என்றேன். "இங்கிலீஸ் வருமா?" எழுத்துத் தெரியுமுங்க என்றேன். அது பொய் இல்லை. எழுத்து மட்டும்தான் தெரியும். "அது போதும்" என்று சிரித்தார்.

விஷயம் என்னவென்றால், அவரிடம் கிருபாசங்கர் என்று ஒரு மாணவர் இருக்கிறார். பாய்லரைக் காவல் காக்கிற புரோகிராம் ஒன்றைத் தன் பட்டத்துக்காக எழுதுகிறார். பாய்லரில் தண்ணீர், ஆவி, தீ எது முறை தவறினாலும் மணி அடிக்கும், என்ன கோளாறு என்று திரையில் எழுத்து வரும், பாய்லர்காரர் அதைப் படித்துப் பொத்தானை அமுக்க வேண்டும். "எழுதினவனே சோதிச்சா தப்புத் தெரியாது. இங்கிருக்கிற பசங்க எல்லாம் கம்ப்யூட்டரோட குடும்பம் நடத்துறவங்க. பாய்லர் ரூம்ல நிக்கிற ஆள் மாதிரி ஒருத்தர் உக்காரோணும்" என்றார் சார். அதற்குத்தான் நான்.

கேட்காமலே நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "எங்கண்ணன் பாய்லர்லதானுங்க இருக்கறாரு." சார் உடனே எந்த மில், எந்த ஊர் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். சொன்னது தப்பா அண்ணா?

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம்.

தங்கை,
துளசிமணி

*

சத்தியமங்கலம்,
3.7.94

அன்புத் தங்கச்சி துளசிமணிக்கு அண்ணன் மாரப்பன்.

இங்கு எல்லாரும் சௌக்கியம். அம்மா முட்டியில் வேப்பெண்ணெய் போட்டு ஊரையே மணக்க வைக்கிறாள். உன் அண்ணி இப்போது மாங்காயும் அடுப்புக் கரியுமாகத் தின்கிறாள்.

தப்பு என்ன கண்ணு, நீ சொன்னதால் உன் சார் நேற்று மில்லுக்கே வந்துவிட்டார். "மாரப்பன் யாரு?" என்று ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். போன வாரம் விறகு லாரிக்காரனோடு போட்ட சண்டை மேலே போய்விட்டதோ என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் முதலாளி நாற்காலி போடச் சொல்கிறார். பத்து வருஷத்தில் அந்த ரூமில் நான் உட்கார்ந்தது நேற்றுத்தான்.

சார் என்னிடம் என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மிஷினை முதலில் இங்கேதான் வைத்துப் பார்க்கப் போகிறார்களாம்.

என்னோடு ஷிப்டில் நிற்கிற அக்பர் அலி, "உன் தங்கச்சி கோயமுத்தூர்ல இருந்தே நம்மளை வேவு பார்க்கப் போகுதுடா, இனி பீடிகூடப் பிடிக்க முடியாது" என்கிறான். பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை என்று உன்னைச் சொன்னவர்கள் வாயை எல்லாம் நீ அடைத்துவிட்டாய். ஒழுங்காய்ச் சாப்பிடு.

அண்ணன்,
மாரப்பன்

*

பீளமேடு,
21.8.94

அன்புள்ள அண்ணனுக்கு,

சின்னம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து விட்டுவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். அண்ணிக்கு அடுப்புக் கரி வேண்டாம், அதற்குப் பதில் கொய்யாக்காய் கொடுங்கள் என்று சின்னம்மா சொல்கிறாள்.

நேற்று எனக்கு முப்பதுக்கு முப்பது!

கிருபாசங்கர் அண்ணனிடம் முப்பது கேள்வி உள்ள ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. காகிதத்தில் இல்லை, பிளாப்பி என்ற சின்னத் தட்டில். கேள்வி என்றால், மிஷினிடம் அவர் பொய்யாக ஒரு கோளாறைச் சொல்வார், எனக்கு மணி அடிக்கும், நான் பொத்தானை அமுக்க வேண்டும். இதுவரை ஒன்பது முறை உட்கார்ந்துவிட்டேன். முதல் முறை பதினொன்றுதான் சரி. இப்போது ஒன்றுகூடத் தவறுவதில்லை. நரசிம்மலு சார் எல்லாரிடமும், "எட்டாவது படிச்ச பொண்ணு, ஒரு தப்பு இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் அறிக்கையிலும் போடுகிறாராம். என்னைச் சுட்டிச் சொல்லும்போது நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

மிஷின் உங்களிடம் வரும்போது கஷ்டப்பட வேண்டாம். முழுதும் படிக்க வேண்டியதே இல்லை அண்ணா. நான் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். மேல் வரியின் முதல் எழுத்தை மட்டும் பாருங்கள்.

எல் வந்தால் தண்ணீர் குறைவு. ஒன்றை அமுக்குங்கள், பம்ப் ஓடும்.
எச் வந்தால் தண்ணீர் அதிகம். இரண்டு.
பி வந்தால் ஆவி கூடிவிட்டது. மூன்று.
நான்கு என்பது கடைசியில் வரும். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

எழுத்து எப்படி இருக்கும் என்று தனித் தாளில் பெரிதாக வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள்
துளசிமணி

*

சத்தியமங்கலம்,
11.9.94

கண்ணு துளசிமணிக்கு,

அம்மா நடக்கிறாள். உன் அண்ணிக்கு ஐந்தாம் மாதம். நான் குண்டாகிவிட்டேன் என்று அக்பர் அலி சொல்கிறான்.

மிஷின் வந்து பத்து நாளாயிற்று. பாய்லர் ரூமில் ஒரு மூலையைச் சுவர் வைத்து அடைத்து, கண்ணாடி போட்டு, ஃபேன் வைத்து, அதற்கு நடக்கிற உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட இல்லை. மணி அடித்தால் ஓடிப்போய் ஒன்றை அமுக்குகிறேன். டக்கென்று மணி நின்றுவிடுகிறது, பம்ப் ஓடுகிறது. மானேஜருக்கு வாயெல்லாம் பல்.

நீ வரைந்து அனுப்பிய தாளைச் சோறு தடவிச் சுவரில் ஒட்டிவிட்டேன். கிருபாசங்கர் மிஷின் மாட்ட வந்தபோது மட்டும் அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட்டேன். அவர் சொல்லிக்கொடுத்ததைவிட நீ எழுதியது சுருக்கமாக இருக்கிறது.

நாலை மட்டும் நாங்கள் தொடுவதில்லை. ஷிப்ட் முடியும்போது அமுக்கிப் பார்த்தேன், தீக்கு ஊதுகிற ஃபேனே நின்றுபோய் அடுத்த ஷிப்ட்காரர்கள் என்னை ஏசிவிட்டார்கள். வேலை முடிந்தது என்பதற்கு ஃபேனை ஏன் நிறுத்த வேண்டும்? படித்தவர்கள் புத்தி. பிளாஸ்திரி ஒட்டி மூடிவிட்டோம்.

முன்பெல்லாம் தண்ணீர் மட்டம் பார்க்க அந்தக் கண்ணாடிக் குழாயை மணிக்கு ஒரு தரம் துடைக்க வேண்டும், ஞாபகம் இருக்கிறதா, நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது என் சட்டைக் கரியைப் பார்த்து அழுவாயே. இப்போது அந்த வேலை இல்லை. குழாய் கறுத்துக் கிடக்கிறது. எல்லாம் திரைதான்.

அண்ணன்

*

பீளமேடு,
4.10.94

(இதை நான் தபாலில் போடவில்லை.)

அண்ணா,

சௌக்கியம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்று காலையில் கிருபாசங்கர் அண்ணனின் பிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது. முப்பது கேள்வியும் அதில்தான் இருந்தன. "பரவாயில்லை, நான் கையாலயே மனசுக்கு வந்ததைத் தட்டறேன்" என்றார். எட்டு முடிந்தது. ஒன்பதாவது மணி அடித்தது. எல். நான் ஒன்றை அமுக்கினேன்.

அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "போச்சு! அம்மணி, பாய்லர் வெடிச்சுப்போச்சு! சத்தியமங்கலத்துல பாதி ஊடு இல்லை!" பக்கத்து மேஜைப் பையன்களும் சிரித்தார்கள். எல்லாரும் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

அப்புறம் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, எல்லுக்கு ஒண்ணுதானுங்களே?"

"இது வேற எல், அம்மணி. அது தண்ணி குறையுதுங்கறது. இது தண்ணி கண்ணாடிக் குழாய்க்கும் கீழ போயிருச்சுங்கறது. இரும்பு பழுத்துக் கிடக்கும். அப்பப் போயி பம்பைப் போட்டா? காய்ஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாப்பல. கல்லு ஒரு ரூம் அளவு. நாலை அமுக்கி ஃபேனை நிறுத்தி, தீயை வெளிய இழுத்துப் போடோணும். அதான் அதை முப்பதாவதா வெச்சேன். வெடிச்ச பொறவு யாரைப் புடிச்சு என்ன கேள்வி கேக்கறது?"

முப்பதாவது திரை வந்தால் சோதனை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன் அண்ணா. அது முடிவுத் திரை, நான்கு முடிக்கிற பொத்தான் என்று. ஒவ்வொரு முறையும் அதன் பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மிஷினே பம்பைத் தடுக்கக் கூடாதா என்று கேட்டேன். "தண்ணியை அளக்கற மிதவை சிக்கிக்கிட்டுப் பொய் சொன்னா? நிசமாவே தண்ணி வேணுங்கறப்போ பம்ப் ஓடாமப் போயிரும். அதனால மனுசன் படிச்சுப் பார்த்து முடிவு பண்ணட்டும்னு உட்டிருக்குது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நடந்ததைச் சேர்த்துக்க வேண்டாம். அறிக்கை டைப் அடிச்சாச்சு. சார்கிட்டச் சொல்லிப்போடாதே, என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். சுவரில் என் தாள் ஒட்டியிருப்பது அவருக்குத் தெரியாது.

நான் ஒரு நாளும் அந்தத் திரையைப் படித்ததில்லை அண்ணா. படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு

*

பீளமேடு,
6.10.94

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மா, அண்ணி சுகமா? நீங்கள் சுகமா?

ஒரு சின்ன விஷயம். நான் அனுப்பிய தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். என் கையெழுத்து நன்றாக இல்லை. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். அந்தக் கண்ணாடிக் குழாயை முன்போல மணிக்கு ஒரு தரம் துடைத்துப் பாருங்கள். மிஷின் புதிது, அதையே நம்ப வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கெட்ட கனவு வந்தது, வேறு ஒன்றுமில்லை.

பதிலை உடனே போடவும். கார்டில் இரண்டு வரி போதும்.

துளசிமணி

*

சத்தியமங்கலம்,
20.10.94

தங்கச்சிக்கு,

அனைவரும் நலம். ஆடு ஒன்று குட்டி போட்டிருக்கிறது, அதுவும் நலம்.

மிஷினைச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்ததே நீ, அதை நம்பாதே என்கிறதும் நீ! கனவு கண்டதற்கெல்லாம் பாய்லரை நிறுத்தினால் மில் எப்படி ஓடும்? உன் கடிதத்தை அக்பர் அலிக்குப் படித்துக் காட்டினேன். "டெல்லிக்குப் போன பிறகு ஊர்க்காரங்களை மறந்த மந்திரி மாதிரி, தங்கச்சி கையெழுத்தைத் திரும்பக் கேக்குதே" என்றான்.

கையெழுத்துக்கு என்ன குறை? எடுக்க முடியாது கண்ணு. அடுத்த ஷிப்ட்காரர்களும் அதைப் பார்த்துத்தான் அமுக்குகிறார்கள். ஆவி பட்டு நைந்துபோயிற்று என்று அட்டையில் பெரிதாக எழுதி ஆணி அடித்துவிட்டோம்.

தீபாவளிக்கு வா. அம்மா எள்ளுருண்டை பிடிக்கிறாள்.

அண்ணன்

*

பீளமேடு,
27.10.94

அண்ணனுக்கு,

இங்கே சுகம்.

தீபாவளிக்கு வர முடியாது. வெளியூரிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள், நான் உட்கார்ந்து காட்ட வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். பழைய கேள்வித்தாளைத்தான் மறுபடி தயார் செய்திருக்கிறார்கள். அதே முப்பது, அதே வரிசை.

அட்டையைக் கழற்றுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். கழற்ற முடியாவிட்டால், குழாயைத் துடைத்துத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்காமல் ஒன்றை அமுக்காதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள். நேரில் சொல்கிறேன்.

அண்ணி முன்னால் இதைப் படிக்க வேண்டாம்.

துளசிமணி

*

சத்தியமங்கலம்,
16.11.94

தங்கச்சி துளசிமணிக்கு, மாரப்பன் அண்ணன் சொல்லச் சொல்ல அக்பர் அலி எழுதுவது. படைத்தவன் காவலில் எல்லாரும் இருக்கிறோம்.

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று நீ பதறக் கூடாதாம். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. சின்னக் காயம்தான். இனி அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

கண்ணு, உன் கடிதம் வந்தது. தீபாவளிச் சந்தடியில் பதில் போடவில்லை. போன சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மணி அடித்தது. எல் வந்தது. நீ சொன்னது நினைவு வந்து குழாயைப் பார்த்தேன், கரியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒன்றை அமுக்கினேன். மணி நின்றது. பம்ப் மோட்டார் ஓடுகிற சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மணி. மறுபடி எல். ஒன்று. மூன்றாம் தடவையும் அப்படியே.

இரும்பு காய்கிற நாற்றம் அடிக்கிறதே என்று அக்பர் அலி பம்புக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், பெல்ட் அறுந்து கீழே கிடக்கிறது. மோட்டார்தான் சும்மா சுற்றியிருக்கிறது, பாய்லருக்குள் சொட்டுத் தண்ணீர்கூடப் போகவில்லை! அவன் லுங்கியால் குழாயைத் துடைத்தான். குழாய் காலி. இரண்டு பேருமாகக் கொள்ளியை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டோம். அதில்தான் கை வெந்தது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பெல்ட்டால் வந்தது. பெல்ட் மட்டும் சரியாக இருந்திருந்தால் முதல் மணிக்கோ இரண்டாவது மணிக்கோ, ஏன், மூன்றாவதுக்குக்கூடத் தண்ணீர் ஏற்றியிருப்பேன். இப்போது நல்ல கனமான புது பெல்ட் போட்டாயிற்று. பம்ப் சும்மா பாய்கிறது. வரும் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிறேன். விறகை மற்றவர்கள் தள்ளிக்கொள்வார்கள். ஒன்றை அமுக்க இடது கை விரல் போதாதா?

(தங்கச்சி, இது அக்பர் அலி. அவன் தூங்கிவிட்டான். காயம் சின்னது இல்லை. அவன் பயப்படவும் இல்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.)

*

சாயிபாபா காலனி,
20.11.94, ஞாயிறு

அண்ணா, முதலில் இதைப் படியுங்கள். ஒன்றைத் தொடாதீர்கள். நான் அனுப்பிய தாள் தப்பு. எல்லில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டாவது வகை எல் வந்திருக்கும்போது தண்ணீர் ஏற்றினால் பாய்லர் வெடிக்கும். அன்று மூன்றாம் தடவை அமுக்கியபோதும் பெல்ட் அறுந்தே கிடந்ததால்தான் நீங்களும் அக்பர் அலி அண்ணனும் உயிரோடு இருக்கிறீர்கள். பெல்ட்டைத் திட்டாதீர்கள்.

இது தபாலில் வரவில்லை. நரசிம்மலு சார் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் உங்கள் கடிதம் வந்தது. கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓடினேன், பூட்டிவிட்டார்கள். இன்று காலையில் சார் வீட்டைத் தேடி வந்தேன். கேட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றேன். சாரின் மனைவி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "பூவா அம்மணி? இன்னிக்கு வாங்கியாச்சு" என்றார்கள். தலையை ஆட்டிவிட்டுத் தெருமுனை வரை நடந்துவிட்டேன். அங்கே ஒரு வீட்டில் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி ஓடி வந்தேன்.

சாரிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. "நீதானே அம்மணி முப்பதுக்கு முப்பது வாங்கினே?"

"முதல் எழுத்தையும் வரிசையையும் மனப்பாடம் பண்ணிட்டனுங்க. ஒண்ணும் படிக்கலைங்க."

அவர் செய்தித்தாள் ஓரத்தில் இங்கிலீசில் இரண்டு வரி எழுதி என் முன்னால் வைத்தார். "இதுல எதுக்குப் பம்ப் போடலாம், எதுக்குக் கூடாது? சொல்லு." நான் ரொம்ப நேரம் பார்த்தேன். இரண்டும் எல்லில் ஆரம்பித்தன. தெரியலைங்க என்றேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். சுவரில் ஒட்டியதையும் பிளாஸ்திரியையும் சொன்னேன். உங்கள் கடிதத்தையே நீட்டினேன். பெல்ட் வரி வந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

மில்லுக்கு நாலு தரம் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு, யாரும் எடுக்கவில்லை. விடியும் முன்னே காரில் புறப்படுகிறார். கிருபாசங்கர் அண்ணனையும் வரச் சொல்லிவிட்டார். அவரை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். உங்களையும்தான்.

அக்டோபர் நாலாம் தேதியே எனக்குத் தெரியும். அன்றைக்கு எழுதினேன், தபாலில் போடவில்லை. அந்தக் கடிதத்தையும் இதோடு வைக்கிறேன்.

துளசிமணி

*

சத்தியமங்கலம்,
4.12.94

துளசிமணிக்கு,

இடது கையால் எழுதுகிறேன், நாலு நாளாக எழுதுகிறேன். அம்மா சௌக்கியம். அண்ணிக்கு எட்டாம் மாதம். நடந்தது எதையும் அவளிடம் நான் சொல்லவில்லை. அவளாகத் தெரிந்துகொண்டாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை, ஆறு மணிக்கே தீ மூட்டிவிட்டோம். உன் சார் வந்து சேர எட்டரை. இடையில் மணி அடிக்கவில்லை. அவ்வளவுதான் கண்ணு. அடிக்கவில்லை. அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சார் நேராக வந்து தன் கையால் மிஷின் ஒயரைப் பிடுங்கினார். அப்புறம் செய்தித்தாள் துண்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். "மாரப்பன், இதைப் படிங்க." பக்கத்தில் மானேஜர். "அட படிப்பா, நெம்ப நேரம் ஆகுது" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன்.

"அன்னிக்கு முதலாளி ரூம்ல உக்காந்துட்டு இங்கிலீஸ் படிப்பேன்னியே?" மானேஜர்தான் கேட்டார்.

"அன்னிக்கும் தெரியாதுங்க."

ஆமாம், அது நான் உனக்கு எழுதாதது. நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டார்கள். இல்லை என்று சொல்லி எழுந்திருக்க மனசு வரவில்லை. நீ தாள் அனுப்பியிருக்காவிட்டால் முதல் நாளே மாட்டியிருப்பேன். மாட்டியிருந்தால் நல்லது.

அக்பர் அலியும் தெரியாது சார் என்றான். சார் மற்ற இரண்டு ஷிப்ட்காரர்களையும் வீட்டிலிருந்து கூட்டிவரச் சொன்னார். ஒவ்வொருவராக வந்து அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார்கள். ஆறு பேர். ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று மாதமாக ஆறு பேரும் உன் தாளை வைத்துத் தீ எரித்திருக்கிறோம். சார் வெள்ளைப் பேண்டோடு விறகின்மேல் உட்கார்ந்துவிட்டார். கிருபாசங்கர் வெளியே போய் நின்றுகொண்டான், பாவம், சின்னப் பையன்தானே. அவனிடம் அவர் கத்தவில்லை. "அறிக்கையைத் திரும்ப வாங்கறேன். தலைப்புல என் பேருதான் முதல்ல இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

தங்கச்சியைத் திட்டுவீங்களா என்று சாரிடம் கேட்டேன். "எதுக்குங்க? இந்த ஆறு மாசத்துல உங்க தங்கச்சி ஒருத்திதான் அதை உருப்படியாச் சோதிச்சிருக்குது. அதுவும் நேத்துத்தான்" என்றார். அப்படியென்றால் என்ன என்று நீதான் அவரிடம் கேட்க வேண்டும்.

நீ அக்டோபரில் எழுதிய கடிதத்தையும் படித்தேன். இரண்டு நாள் உன்மேல் ஆத்திரம் தாங்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்க்கும்போதெல்லாம் பொங்கியது. மூன்றாம் நாள் அந்தப் பெல்ட்டை எடுத்து வந்து பார்த்தேன். அதற்கப்புறம் உன்மேல் கோபப்பட முடியவில்லை, பயம்தான் வந்தது. இப்போதுதான் வருகிறது பார். அன்றைக்கு வரவேண்டியது.

மிஷினைக் கொண்டுபோய்விட்டார்கள். குழாயை மணிக்கு ஒரு தரம் துடைக்கிறோம். அக்பர் அலி அரை மணிக்கு ஒரு தரம் துடைக்கிறான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நேற்று ரோட்டில் சைக்கிள்காரன் ஒருவன் மணி அடித்தான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் விரல் தானாக நீண்டு, டீக்கடை மேஜையை ஒரு தடவை அமுக்கியது.

அண்ணன்,
மாரப்பன்